மரபுத்தொடர்க் குறிப்புகளை அவிழ்க்கும் வழி: குறுக்கெழுத்துப் புதிருக்குப் புதியவர்களுக்காக

குறுக்கெழுத்துப் புதிரில் புதிதாகக் கைவைப்பவர்கள் அகராதியில் தேடவேண்டிய அரிய சொற்களை எண்ணி அஞ்சுவார்கள்; ஆனால் அவர்கள் நெடுநேரம் சிக்கிக்கொண்டு நிற்பது, நாள்தோறும் தாங்களே பேசுகிற ‘கைகழுவினான்’, ‘காலை வாரினான்’, ‘தண்ணீர் காட்டினான்’ போன்ற தொடர்களிடம்தான். இவற்றை மரபுத்தொடர்கள் என்கிறோம். தொடரில் உள்ள சொற்களின் பொருளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் கிடைக்காத வேறொரு பொருளை, நெடுங்கால வழக்கின் வலிமையால் முழுத்தொடரும் சேர்ந்து தருமானால் அது மரபுத்தொடர். ‘கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்’ என்று கேட்கும்போது நம் மனத்தில் கம்பியும் தோன்றுவதில்லை, அதை யாரும் நீட்டுவதும் தோன்றுவதில்லை. அவன் ஓடிவிட்டான் என்பது மட்டுமே உடனடியாகப் புரிகிறது. இந்த வேகத்தைத்தான் புதிர் அமைப்பவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். தொடருக்குச் சொல்லளவில் ஒரு பொருளும் வழக்கில் ஒரு பொருளும் இருக்க, அவற்றில் எது நம் கண்ணில் முதலில் படுமோ அதை முன்னால் நிறுத்தி, விடையை மற்றதன் பின்னால் ஒளித்துவைப்பார். ஆகவே மரபுத்தொடர் உள்ள குறிப்பைக் கண்டதும், ‘நான் இதை எந்தப் பொருளில் படித்தேன், படிக்காமல் விட்ட பொருள் எது?’ என்று கேட்டுக்கொள்வதே இங்கே கற்கவேண்டிய முதன்மையான பயிற்சி.

அதற்குமுன் எழுத்தெண்ணும் முறையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் புதிரில் உயிர், மெய், உயிர்மெய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ‘கை’ ஓர் எழுத்து, ‘கண்’ இரண்டு, ‘அம்மி’ மூன்று, ‘கைகழுவு’ நான்கு. குறிப்பின் இறுதியில் அடைப்புக்குள் தரப்படும் எண் விடையின் எழுத்துகளைக் காட்டுகிறது. விடை இருசொல் தொடராக இருந்தால் சிலர் (3,3) என்று பிரித்துக் காட்டுவார்கள், சிலர் (6) என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். சொற்கள் சேருமிடத்தில் மிகும் ஒற்றுக்கும் கட்டம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘முழுக்குப் போடு’ என்ற தொடரில் ‘ப்’ ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வதால் அது (5,2) ஆகிறது. பேச்சில் ‘காலை வாரிட்டான்’ என்றாலும் கட்டத்தில் ‘காலை வாரிவிட்டான்’ என்ற எழுத்து வடிவமே வரும். மனத்தில் தோன்றிய விடை ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ நின்றால், விடையைக் கைவிடுவதற்கு முன் ஒற்றையும் வடிவத்தையும் சரிபார்ப்பது நல்லது.

எளிய வகையிலிருந்து தொடங்குவோம். விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லும் குறிப்புக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ‘அடிமேல் அடி வைத்தால் நகர்வது (3)’ என்றால் அம்மி. உவமைத்தொடர்களும் இப்படியே வரும். ‘கிளி வீணாகக் காத்தது (3)’ என்றால் இலவு. ‘பசுமரத்தில் எளிதாக இறங்குவது (2)’ என்றால் ஆணி. இங்கேயும் சற்றுக் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. விளக்கைப் பற்றி நம்மிடம் இரண்டு உவமைகள் இருக்கின்றன: குடத்திலிட்ட விளக்கு, குன்றின்மேலிட்ட விளக்கு. குடமும் மூன்றெழுத்து, குன்றும் மூன்றெழுத்து, இரண்டும் ‘கு’ என்றே தொடங்குகின்றன. ஒளி மறைவதைக் குறிப்பு பேசுகிறதா, ஊரெங்கும் தெரிவதைப் பேசுகிறதா என்று பார்க்காமல் எழுதினால் தவறாகிவிடும்.

அடுத்தது, பொருளைச் சொல்லித் தொடரைக் கேட்கும் வகை. ‘தப்பியோடு (3,3)’ என்றால் ‘கம்பி நீட்டு’. ‘சிறையில் இரு (3,3)’ என்றால் ‘கம்பி எண்ணு’. இரண்டிலும் அதே கம்பி, அதே எழுத்துக்கணக்கு. பொருள் மட்டும் நேர் எதிர். ‘பொறுப்பிலிருந்து விலகிக்கொள் (4)’ என்பதற்கு ‘கைகழுவு’ பொருந்தும். ‘உறவை அடியோடு அறுத்துக்கொள் (5)’ என்பதற்கு ‘தலைமுழுகு’ பொருந்தும். உறவினர் இறந்தபின் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து வந்த தொடர் என்பதால், ‘அவனைத் தலைமுழுகிவிட்டேன்’ என்பதில் உயிரோடிருப்பவரை இறந்தவராகக் கருதிவிட்ட கடுமை இருக்கிறது. பொருள் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் தொடர்களையும் இத்தகைய நுண்ணிய வேறுபாடு பிரித்துக் காட்டும். நல்ல குறிப்பில் அந்த வேறுபாடு எங்கேனும் ஒரு சொல்லில் பதிந்திருக்கும். இங்கே ‘உறவை’, ‘அடியோடு’ என்ற சொற்களில் அது இருக்கிறது.

இந்த வகையில் உதவும் மற்றொரு கருவி இலக்கணம். குறிப்பு ஏவலாக இருந்தால் விடையும் ஏவலாக இருக்கும். ‘தப்பியோடினான்’ என்று இறந்தகாலத்தில் இருந்தால் ‘கம்பி நீட்டினான்’ என்றே விடை வரும். பெயரைக் கேட்டால் வினையைத் தரக்கூடாது. மரியாதையும் ஒத்திருக்க வேண்டும். இறப்பைச் சொல்ல நம் மொழியில் எத்தனை தொடர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: இயற்கை எய்தினார், காலமானார், கண்ணை மூடினார், மண்டையைப் போட்டான், வாயைப் பிளந்தான். நன்னூல் ‘மங்கலம்’ என்று பெயரிட்டுப் பேசுகிற வழக்கும், தெருவில் கோபத்தோடு சொல்லப்படும் வழக்கும் இதில் அருகருகே நிற்கின்றன. ‘மறைந்தார்’ என்ற குறிப்புக்கு ‘மண்டையைப் போட்டான்’ விடையாக வராது; வந்தால் அந்தப் புதிர் சரியாக அமைக்கப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இப்போது கடினமான ஓர் இடத்துக்கு வருவோம். ‘ஏமாற்று (5)’ என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘நாமம் போடு’ ஐந்தெழுத்து. ‘அல்வா கொடு’ ஐந்தெழுத்து. ‘காது குத்து’ என்பதும் ஐந்தெழுத்தே. மூன்றும் ஏமாற்றுவதைத்தான் சொல்கின்றன. (3,2) என்று பிரித்துக் காட்டியிருந்தால் ‘காது குத்து’ விலகிவிடும், ஏனெனில் அது (2,3). ஆனாலும் மற்ற இரண்டும் மிஞ்சும். பொருளை நுணுகிப் பார்த்தால் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன் நாமம் போடுகிறான்; ஆசைகாட்டிவிட்டுக் கடைசியில் நழுவுகிறவன் அல்வா கொடுக்கிறான்; எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் பொய் சொல்கிறவன் காது குத்துகிறான். ‘ஏமாற்று’ என்ற ஒற்றைச்சொல் குறிப்பில் இந்த வேறுபாடு எதுவும் இல்லாததால், குறுக்கே வரும் சொல்லின் எழுத்து கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று தொடர்களின் மூன்றாம் எழுத்துகளைப் பாருங்கள்: ‘ம்’, ‘வா’, ‘கு’. மூன்றாம் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்குகிறது என்றால், தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்ற விதியாலேயே ‘நாமம் போடு’ நீங்கிவிடுகிறது. மிச்சம் ‘அல்வா கொடு’, ‘காது குத்து’ ஆகிய இரண்டு. இவற்றில் எது என்பதைச் சற்றுப் பின்னர் ஒரு குதிரையின் துணையோடு முடிவுசெய்வோம்.

ஒரு குறிப்புக்கு ஒரே விடை என்ற நெறியை இன்று இயல்பாக எதிர்பார்க்கிறோம். அது எப்போதும் காக்கப்பட்டதில்லை. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளியிட்ட புதிரையே இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 1930களுக்குள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ் இதழ்களுக்கும் வந்துவிட்டன. பின்னர் நாடெங்கும் பெருந்தொகை வைத்து நடந்த சில போட்டிகளில், ஒரே கட்டத்துக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும்படி குறிப்பை எழுதிவிட்டு, முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்த விடையோடு யாருடைய தாள் ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு என்று நடத்தினார்கள். 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுத்தொகை கொண்ட இத்தகைய போட்டிகளைத் தடைசெய்தது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய போட்டி அறிவுத்திறனைச் சார்ந்ததல்ல, சூதாட்டத் தன்மை உடையது என்று கண்டது. ‘ஏமாற்று (5)’ போன்ற குறிப்பைக் குறுக்கே வரும் சொல்லின் எழுத்து உதவியும் இல்லாமல் தனியே விடுவது அந்தப் பழைய போட்டிகளின் வழிக்கே கொண்டுபோய்விடும் என்பதால்தான், குறிப்புகளை எழுத விரும்புகிறவர்களிடமும் இந்த நெறியை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி இரட்டைப் பொருள் குறிப்பு. ஒரே தொடரின் சொல்லளவிலான பொருளையும் வழக்குப் பொருளையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் பொதுவான விடையைக் கேட்பது இது. ‘தாகமெடுத்த மாட்டுக்கு உதவு, துரத்தும் காவலரை அலைக்கழி (4,3)’ என்ற குறிப்பில் முதற்பாதி தொழுவத்தில் நிற்கிறது, பிற்பாதி தெருவில் ஓடுகிறது. மாட்டுக்கும் காவலருக்கும் ஒரே செயலைச் செய்ய முடியுமா என்று கேட்டால் ‘தண்ணீர் காட்டு’ என்பது கிடைக்கும். ‘ஆற்றில் நீராடு, பழக்கத்தை அறவே நிறுத்து (5,2)’ என்றால், முன்பு எழுத்தெண்ணும்போது பார்த்த ‘முழுக்குப் போடு’. இத்தகைய குறிப்புகளில் பெரும்பாலும் காற்புள்ளி இரண்டு பொருளையும் பிரித்துவைக்கும். இரு பாதிகளுக்கும் ஒட்டும் உறவும் இல்லாமல் இருப்பதே இவ்வகையின் அடையாளம்.

எனக்கு மிகவும் விருப்பமானதும், தமிழின் எழுத்தமைப்பாலேயே வளம் பெற்றதுமான வகை, மரபுத்தொடரையே எழுத்துகளின் மீதான கட்டளையாக மாற்றும் வகையாகும். இதைக் குறிப்புமொழிப் புதிர் என்றும் சொல்லலாம். இதில் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும், நடுவில் இராது. மற்றது, எழுத்துகளைச் சேர்த்தோ நீக்கியோ திருப்பியோ அதே விடையை உருவாக்கும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால்தான் விடை சரி. ஆகவே விடை கிடைத்ததா என்ற ஐயம் மிஞ்சுவதில்லை.

ஒரு குறிப்பைப் பொறுமையாக அவிழ்த்துப் பார்ப்போம். ‘குளம் கைவிட்டது உண்மையல்ல (2)’. படித்தவுடன், வறண்ட கோடையில் ஓர் ஊரார் தங்கள் குளத்துக்காக வாதாடுவது போலத் தோன்றுகிறது. அந்தக் காட்சியை முழுவதும் ஒதுக்கிவிடுங்கள். ‘கைவிட்டது’ என்பது மரபுத்தொடர். அதன் வழக்குப் பொருள் ‘துணையின்றித் தவிக்கவிட்டது’. நாம் அதைத்தான் முதலில் படித்தோம் என்பதால், சொல்லளவிலான பொருளுக்குப் போகவேண்டும்: ‘கை’ என்ற எழுத்தை விட்டது. எது விட்டது? குளம். அப்படியானால் குளத்தைக் குறிக்கும் ஏதோ ஒரு சொல்லில் ‘கை’ இருக்கவேண்டும். பொய்கை! அதிலிருந்து ‘கை’யை விட்டால் ‘பொய்’. குறிப்பின் முடிவில் உள்ள ‘உண்மையல்ல’ என்பதும் அதையே சொல்கிறது. இரண்டு எழுத்து என்ற கணக்கும் பொருந்துகிறது. ‘கைகொடுத்தல்’ என்ற தொடரை இதற்கு நேர்மாறாக, ‘கை’யைச் சேர்ப்பதற்குப் பயன்படுத்தலாம்.

உடலுறுப்புகளைக் கொண்ட மரபுத்தொடர்கள் நம் மொழியில் மிகுதி என்பதும், சொல்லுக்கும் தலை, வயிறு, வால் ஆகியவை உண்டென்று கற்பனை செய்துகொள்ள முடியும் என்பதும் இவ்வகைக்குப் பெரிய வாய்ப்பைத் தருகின்றன. தலை என்றால் முதலெழுத்து. ‘தலை போனபின் மகுடம் தண்ணீர்ப் பாத்திரம் (3)’ என்பதில் மகுடத்தின் ‘ம’ போனால் குடம். தலை இல்லாதபோது மகுடத்துக்கு வேறு என்ன பயன் என்று மேலோட்டமாகப் படிக்கும்போதும் அது பொருள் தருவது கூடுதல் அழகு. ‘குடும்பம் தலையெடுத்தது’ என்று உயர்வைச் சொல்லும் தொடரும் புதிரில் தலையை எடுத்துவிடும் கட்டளையாக மாறக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வாலை ஒட்ட நறுக்கு’ என்றால் கடைசி எழுத்தை நீக்கு.

வயிற்றில் அடித்தல் என்பது ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதைக் குறிக்கும் தொடர். புதிரில் அது நடு எழுத்தைத் தட்டிவிடுவதாகும். ‘குதிரையின் வயிற்றில் அடித்து நாய்போலக் கத்து (2)’ என்ற குறிப்பில், ‘குதிரை’யின் நடுவில் உள்ள ‘தி’யை நீக்கினால் ‘குரை’. நாய்போலக் கத்து என்ற ஏவலுக்கு ‘குரை’ என்ற ஏவல் சரியாகப் பொருந்துகிறது. முன்பு நிறுத்திவைத்த கட்டத்துக்கு இப்போது திரும்பலாம். ‘ஏமாற்று’ என்ற குறிப்புக்கான விடையின் மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல் இந்தக் ‘குரை’ என்றால், அங்கே ‘கு’ விழுகிறது. ‘அல்வா கொடு’ நீங்கி ‘காது குத்து’ நிலைக்கிறது. தனியே நின்றபோது மூன்று விடைகளுக்கு இடம்கொடுத்த குறிப்பு, கட்டத்துக்குள் வந்ததும் ஒரே விடைக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

தமிழ் எழுத்துகளின் உறுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகின்றன. ‘மா’ என்ற எழுத்தின் பக்கத்தில் நிற்பது துணைக்கால். ‘பெ’ என்ற எழுத்தின் முன்னால் நிற்பது கொம்பு. மெய்யின் தலையில் இருப்பது புள்ளி. இவை அனைத்தும் மரபுத்தொடர்களிலும் இருக்கின்றன! ‘மாலையின் காலை வாரியதும் உயர்ந்து நிற்பது (2)’ என்பதைப் படிக்கிறவர் மாலைப்பொழுது, காலைப்பொழுது என்று போய்விடுவார். துணைக்காலை வாரிவிட்டால் ‘மாலை’ ‘மலை’யாகிவிடும். ‘இசைக்குக் கொம்பு முளைத்தால் மங்கை (2)’ என்பதில் இசை என்பது பண். அதன் முதலெழுத்துக்குக் கொம்பு வைத்தால் பெண். ‘பல, முற்றுப்புள்ளி வைத்தபின் வாயில் முளைப்பது (2)’ என்பதில் ‘பல’ என்ற சொல்லின் முற்றில், அதாவது கடைசி எழுத்தில், புள்ளி வைத்தால் பல். ‘பிள்ளையார் சுழி போட்டபின் பொங்கல் மாதத்தில் காலடி (2)’ என்ற குறிப்பில் பிள்ளையார் சுழி ‘உ’ என்ற எழுத்தைத் தருகிறது, பொங்கல் மாதம் ‘தை’யைத் தருகிறது, சேர்த்தால் உதை. காலடி என்பதை அடிச்சுவடு என்று கொள்ளாமல் காலால் விழும் அடி என்று கொள்ளவேண்டும் என்பது இதிலுள்ள இரண்டாம் திருப்பம்.

இவற்றை வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டு என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. கட்டங்கள் அங்கிருந்து வந்தவை. எழுத்தை நீக்கியும் குறுக்கியும் வேறு சொல்லை வருவிக்கும் கலை இங்கே முன்பே இருந்தது. தண்டியலங்காரமும் அதன் உரையும் சித்திரகவி வகைகளைச் சொல்லும்போது, நெடிலின் மாத்திரையைக் குறைத்து வேறு சொல் காணும் மாத்திரைச் சுருக்கத்தையும், சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதிய சொற்களைப் பெறும் அக்கரச்சுதகத்தையும் எடுத்துரைக்கின்றன. மாலை மலையாவது மாத்திரைச் சுருக்கமே. மகுடம் குடமாவது அக்கரச்சுதகத்தின் முதற்படியே. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பிசி’ என்று குறிப்பிடுவது நம் விடுகதையின் முன்னோடி. நம் புலவர்கள் பல நூற்றாண்டுகள் பழகிய ஒரு கலையைச் செய்தித்தாளின் ஒரு மூலையில் வைத்து நாமும் தொடர முடிகிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிற செய்தி.

தலைகீழ் என்ற சொல்லையும் தனியே சொல்லவேண்டும். ‘தலைகீழாக நின்றாலும் முடியாது’ என்று வீண்முயற்சியைச் சொல்வது வழக்கு. புதிரில் அது எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கும் கட்டளை. ‘சிவனை அழைக்கத் தலைகீழாக நின்று படி (2)’ என்பதில் ‘படி’ என்பதற்கு ஈடான ‘வாசி’யைத் திருப்பினால் ‘சிவா’. விளிவடிவம் என்பதால்தான் ‘சிவனை அழைக்க’ என்று எழுதியிருக்கிறது. ‘மரா மரா’ என்று சொல்லிச் சொல்லியே ‘ராம’ நாமத்தை அடைந்ததாக வால்மீகியைப் பற்றி வழங்கும் கதையும் இதே திருப்பத்தின்மேல்தான் நிற்கிறது. ஆனால் தமிழ்ச் சொற்களில் திருப்பினாலும் பொருள்தருபவை குறைவு. மெய்யெழுத்தில் முடியும் சொல்லைத் திருப்பவே முடியாது என்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே ‘தலைகீழ்’ என்று கண்டால், மெய்யில் முடியாத சிறு சொற்களை மட்டும் சோதித்தால் போதும்.

குறிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எப்படி அறிவது என்று புதியவர்கள் கேட்பார்கள். தலை, கால், கை, வயிறு, வால், கொம்பு, சுழி, புள்ளி, முதல், கடை, இடை ஆகிய சொற்களில் ஒன்று மரபுத்தொடருக்குள் இருந்தால் எழுத்து விளையாட்டை முதலில் ஐயுறலாம். இவற்றில் ‘கடை’ மிகவும் ஏமாற்றக்கூடியது. ‘கடையை மூடினான்’ என்று வணிகத்தைச் சொல்வதுபோல் வந்து, சொல்லின் கடைசி எழுத்தை மூடச் சொல்லிவிட்டுப் போகும். அதேபோல் ‘முதலை’ என்பது நீரில் வாழும் விலங்காகவும் இருக்கலாம், முதல் என்பதோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்ததாகவும் இருக்கலாம். மேற்கண்ட சொற்களில் எதுவும் இல்லாமல், இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றால் இரட்டைப் பொருள். அதுவும் இல்லையென்றால் நேரான பொருளைக் கேட்கும் எளிய குறிப்பாகத்தான் இருக்கும்.

வட்டார வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. ஒரு பகுதியில் எல்லாரும் அறிந்த தொடர் மற்றொரு பகுதியில் புரியாமல் போகலாம். இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் ஒரே புதிரை நிரப்பும்போது இது தெளிவாகத் தெரியும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 1992இல் வந்த முதற்பதிப்பு தொடங்கி, தனிச்சொற்களோடு இன்றைய வழக்கில் உள்ள தொடர்களுக்கும் எடுத்துக்காட்டோடு பொருள் தருகிறது. இலங்கை வழக்கை அது தனியே குறித்துக் காட்டுவதால் இத்தகைய ஐயங்களுக்கு மிகவும் உதவும். பழைய அகராதிகளில் ‘அல்வா கொடு’ போன்ற அண்மைக்கால வழக்குகளைத் தேடிப் பயனில்லை. அகராதியைப் பார்ப்பது தவறு என்ற தயக்கமும் வேண்டாம். புதிதாகக் கற்கும்போது விடையைச் சரிபார்க்கும் பழக்கமே தொடர்களின் நுண்பொருளைக் கவனிக்கச் சொல்லித்தருகிறது.

பழகிப் பார்க்க இரண்டு குறிப்புகளைத் தருகிறேன். விளக்கத்தைப் படிக்கும் முன் சிறிது நேரம் நீங்களே முயன்று பாருங்கள். முதலாவது, ‘பச்சை நிறத்தின் வாலை ஒட்ட நறுக்கினால் பால் கறக்கலாம் (2)’. இரண்டாவது, ‘முதலை இழந்தபின்னும் இலாபம் ஆதாயமே (3)’.

முதற்குறிப்பில் பச்சை நிறம் என்பது பசுமை. வாலாகிய ‘மை’யை நறுக்கினால் பசு. ‘பால் கறக்கலாம்’ என்பது விடையை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வதால், கண்டிப்பான புதிர் அமைப்பாளர்கள் அதைப் ‘பால் தரும் விலங்கு’ என்று மாற்றச் சொல்வார்கள். அது நியாயமான திருத்தமே. இரண்டாவது குறிப்பைப் படித்ததும் முதலீட்டை இழந்த வணிகர் ஒருவர் தம்மைத் தேற்றிக்கொள்வதாகத் தோன்றும். இங்கே இழக்கப்படுவது ‘இலாபம்’ என்ற சொல்லின் முதலெழுத்து. ‘இ’ போனபின் மிஞ்சுவது லாபம். அதன் பொருள் ஆதாயம். எழுத்து ஒன்று குறைந்தும் பொருள் குறையாத இத்தகைய சொற்கள் தமிழில் இன்னும் சில உண்டு. ‘இ’, ‘உ’, ‘அ’ ஆகியவற்றை முன்னே பெற்று ர, ல என்னும் எழுத்துகளால் தொடங்கும் சொற்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், நீங்களே ஒரு குறிப்பை எழுதிவிடலாம்.